உஷஸ்தி உண்ட பயறு

ஒரு தீமையை முற்றிலும் விட இயலாத ஒருவன், அதனினும் சிறியதொரு தீமையைக் கைக்கொள்வானாயின், அவன் தர்மத்தை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தவனா, அல்லது அதர்மத்தோடு சமாதானம் செய்துகொண்டவனா என்பது மிகப் பழைய கேள்வி. கள்ளைக் குறித்தும் சூதைக் குறித்தும் நம் முன்னோர் எழுப்பிய அந்தக் கேள்வியை, நம் காலத்தில் புதிய உருவில் எழுப்பியிருப்பது சட்டைப்பையில் அடங்கிவிடும் ஒரு சிறு கருவி. மேல்நாட்டுக் கடைகளில் வேப் என்ற பெயரால் விற்கப்படுவதும், உள்ளிருக்கும் திரவம் தீர்ந்தபின் மீண்டும் நிரப்பிக்கொள்ளக்கூடியதுமான மின்னணு சிகரெட்டையே குறிப்பிடுகிறேன். அதன் பாட்டரி எத்தனை நேரம் உழைக்கும், அதன் சுவை எத்தகையது, விலை என்ன என்று நிறுத்துப் பார்ப்பது வியாபாரத்துக்குரிய மதிப்பீடு. புகைக்கு அடிமைப்பட்ட ஒரு வயதுவந்த மனிதனின் உயிரையும் சுதந்திரத்தையும் முன்னிறுத்தி அதை நிறுத்துப் பார்ப்பது தர்மத்துக்குரிய மதிப்பீடு. நான் செய்ய விரும்புவது இந்த இரண்டாவதையே.

முதலில் அந்தக் கருவியின் இயல்பை அறிந்துகொள்வது அவசியம். அதில் ஒரு சிறிய பாட்டரியும், பருத்தித் திரியைச் சுற்றியோ தாங்கியோ நிற்கும் காயில் என்ற உலோகக் கம்பியும், இரண்டு மில்லிலிட்டர் அளவுக்குத் திரவம் கொள்ளும் ஒரு சிறு கூடும் இருக்கின்றன. திரவம் என்பது புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் என்ற இரண்டோடு நிகோட்டினும் வாசனைப் பொருள்களும் கலந்த கலவை. வாயில் வைத்து இழுக்கும்போது கம்பி சூடேறித் திரவத்தை ஆவியாக்குகிறது. எரிதல் என்ற காரியம் அங்கே நிகழ்வதில்லை. சிகரெட்டின் நுனியிலோ, இழுக்கும் கணத்தில் வெப்பம் ஏறக்குறைய 900 டிகிரியை எட்டிப் புகையிலை எரிகிறது. அந்த எரிதலிலிருந்தே தாரும் கார்பன் மோனாக்சைடும், புற்றுநோயை விளைவிக்கும் ஏறத்தாழ எழுபது பொருள்கள் உள்ளிட்ட ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இரசாயனங்களும் தோன்றுகின்றன. மனிதன் விரும்புவது நிகோட்டினை. அவனைக் கொல்வது பெரும்பாலும் அதனுடன் சேர்ந்து வரும் நெருப்பின் சந்ததி. இந்த உண்மையை லண்டனைச் சேர்ந்த மனநல மருத்துவர் மைக்கேல் ரஸ்ஸல் 1976ஆம் ஆண்டிலேயே தெளிவாக எடுத்துரைத்தார். விருப்பத்தையும் மரணத்தையும் வேறு வேறாகப் பிரித்துவிட முடியும் என்ற எண்ணம் உருவெடுத்துக் கைக்கு வருவதற்கு மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. சீன தேசத்து மருந்தியலாளரான ஹோன் லிக், தாமும் புகைபிடிப்பவராக இருந்து, தம் தந்தையை நுரையீரல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இன்று நாம் காணும் கருவியின் மூலவடிவத்தை அவர் 2003ஆம் ஆண்டளவில் வகுத்தார்.

இந்தக் கருவியை ஓர் அரசாங்கமே தன் பிரஜைகளின் கையில் கொடுக்கத் துணிந்த தேசம் இங்கிலாந்து. புகைபிடித்தலின் கேட்டை 1962ஆம் ஆண்டின் அறிக்கையால் உலகறியச் செய்த லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற அதே மருத்துவர் சபை, 2016ஆம் ஆண்டில், நிகோட்டின் ஆவியால் நெடுங்காலத்தில் விளையக்கூடிய தீங்கு புகையால் விளையும் தீங்கில் ஐந்து சதவிகிதத்தைத் தாண்டுவது அரிது என்று கருத்துத் தெரிவித்தது. அதற்கு முந்திய ஆண்டில் பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து என்ற அரசுத் துறையும் ஏறக்குறைய இதையே கூறியபோது, அக்கணக்கு நிபுணர் சிலரின் அபிப்பிராயத்தை ஆதாரமாகக் கொண்டதேயன்றி நீண்டகால அனுபவத்தின் மேல் நின்றதன்று என்று லான்செட் பத்திரிகை ஆட்சேபித்தது. அந்த ஆட்சேபம் நியாயமானதே. ஆயினும் 2023ஆம் ஆண்டு ஏப்ரலில், பத்து லட்சம் புகைபிடிப்போருக்கு இக்கருவியையும் கூடவே ஆலோசனையையும் இலவசமாக வழங்கும் திட்டத்தை இங்கிலாந்து அரசு அறிவித்தது.

இதற்கு நேர்மாறாக, பாரத தேசம் 2019ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தால் மின்னணு சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடைசெய்தது. முதற்குற்றத்துக்கே ஓராண்டுச் சிறையோ ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, அல்லது இரண்டுமோ விதிக்கப்படலாம். சிங்கப்பூரிலோ அதை வைத்திருப்பதே குற்றம். ஒரே பொருளை ஒரு தேசம் மருந்தாகவும் மற்றொன்று குற்றமாகவும் காண்கிறதென்றால், அந்த வேற்றுமைக்குக் காரணம் இரசாயனத்தில் இல்லை. எந்த மனிதனை மனத்திற் கொண்டு விதி செய்யப்படுகிறது என்பதில் இருக்கிறது.

புகையை எதிர்ப்போரிலேயே, கருவியையும் அறவே ஒதுக்க வேண்டும் என்போர் கூறும் வாதத்தை அலட்சியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. தளை இரும்பாலானாலும் நூலாலானாலும் தளைதானே என்று அவர்கள் கேட்கிறார்கள். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் பகவான், உண்ணாதிருப்பவனை விட்டுப் புலன்களுக்குரிய விஷயங்கள் விலகினாலும் அவற்றின் மேலுள்ள சுவை உள்ளே தங்கிவிடுகிறது என்ற நுட்பமான உண்மையைச் சொல்லுகிறார். விஷயத்தையாவது விலக்கியவன் நிலையே அதுவென்றால், விஷயத்தின் உருவை மட்டும் மாற்றிக்கொண்டு சுவையை முழுமையாக வைத்துக்கொள்பவன் எதை வென்றவனாவான்? இந்தக் கேள்விக்கு வலுவூட்டும் பிரமாணம் ஒன்று இங்கிலாந்தின் ஆராய்ச்சியிலேயே கிடைக்கிறது. 2019ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு பரிசோதனையில், புகையை விட விரும்பிய 886 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மீண்டும் நிரப்பக்கூடிய மின்னணு சிகரெட்டையும், மற்றப் பிரிவினருக்கு தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டை, வாயில் மெல்லும் நிகோட்டின் பசை முதலிய மருந்துகளையும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் முதற் பிரிவில் 18 சதவிகிதத்தினரும், இரண்டாவதில் 9.9 சதவிகிதத்தினரும் சிகரெட்டை விட்டிருந்தார்கள். ஆனால் அவ்வாறு விட்டவர்களுள், முதற் பிரிவில் 80 சதவிகிதத்தினர் அப்போதும் கருவியைக் கையில் வைத்திருந்தார்கள். இரண்டாவதில் மருந்தை விடாதிருந்தவர்கள் 9 சதவிகிதத்தினரே. அதிகம் பேரைப் புகையிலிருந்து மீட்ட அதே சாதனம், மீண்டவர்களில் அதிகம் பேரைத் தன்னிடம் இருத்திக்கொண்டது. இந்த இரண்டு உண்மைகளையும் ஒருங்கே ஏற்றுக்கொள்ளாத எந்தத் தீர்ப்பும் நேர்மையான தீர்ப்பாகாது.

இத்தகைய தர்மசங்கடத்துக்கு வழிகாட்டும் கதை ஒன்று சாந்தோக்கிய உபநிஷதத்தின் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. இயற்கையின் சீற்றத்தால் பயிர்கள் அழிந்து குருநாடு பஞ்சத்தில் ஆழ்ந்திருந்த காலத்தில், உஷஸ்தி சாக்ராயணர் என்ற ஞானி தம் இளம் மனைவியுடன், யானை வைத்திருப்போர் வாழும் ஊரொன்றில் தங்கியிருந்தார். பசியால் வாடிய அவர், பயறு தின்றுகொண்டிருந்த ஒருவனிடம் சென்று யாசித்தார். நான் தின்னும் இந்தப் பயற்றைத் தவிர வேறொன்றும் என்னிடம் இல்லையே என்று அவன் தயங்க, அதிலேயே கொடு என்று கேட்டு வாங்கினார். பின்பு அவன் தான் குடித்து மிஞ்சிய நீரையும் நீட்டியபோது, எச்சில் நீர் எனக்கு ஆகாது என்று மறுத்துவிட்டார். பயறு மட்டும் எச்சில் அல்லவா என்று அவன் வியந்து கேட்டான். அதற்கு அவர், அதை உண்ணாவிடில் நான் உயிர் தரித்திருக்க மாட்டேன். நீரோ நான் விரும்பியபடி எங்கும் கிடைக்கக்கூடியது என்று விடை பகர்ந்தார். பிராணாபத்து நேர்ந்த இடத்தில் மட்டுமே எவ்வகை அன்னத்துக்கும் அனுமதி உண்டு என்று வரையறுக்கும் பிரம்மசூத்திரத்துக்குப் பாஷ்யம் செய்யுமிடத்தில், சங்கரரும் ராமானுஜரும் இந்தக் கதையையே திருஷ்டாந்தமாகக் காட்டுகிறார்கள்.

எச்சிலை உண்டது உஷஸ்தியின் பெருமை என்று உபநிஷதம் சொல்லவில்லை. உண்டதனால் அவர் இழிந்தார் என்றும் சொல்லவில்லை. ஒரே கையிலிருந்து, ஒரே கணத்தில் வந்த இரண்டு பொருள்களுள் ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுத்த விவேகமே அங்கே போற்றப்படுகிறது. ஆபத்துக் காலத்துக்கு உரிய இந்த ஆபத்தர்மம் என்பது விதியின் தளர்ச்சியன்று. தேவை எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது என்பதை அறிந்து, அந்த எல்லைக்குள் மட்டும் அடி வைக்கும் கடுமையான ஒழுக்கம் அது.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்ப்போம். இருபது ஆண்டுகளாகப் புகைபிடித்து, பட்டையும் பசையும் வைத்தியர் அறிவுரையும் பயன்படாமற்போன ஒருவன், உண்மையிலேயே பிராணாபத்தில் இருப்பவன். புகையிலையை விடாது பயன்படுத்துவோரில் பாதிப்பேர் வரை அதனாலேயே மாள்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. அவன் கையில் இருக்கும் கருவி உஷஸ்தியின் பயறு. எரியும் புகையிலிருந்து அவனை விலக்குமாயின், அதை அவன் மேற்கொள்வதைப் பாவமென்று சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. என்றுமே புகைத்தறியாத பதினாறு வயதுச் சிறுவனோ பசியில் இல்லை. அவனுக்கு மாம்பழ வாசனையும் புதினாக் குளிர்ச்சியும் காட்டி நீட்டப்படும் அதே கருவி, மறுக்க வேண்டிய எச்சில் நீர். 2019ஆம் ஆண்டில் அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவரில் 27.5 சதவிகிதத்தினர் இதைப் பயன்படுத்துவோராக இருந்தனர் என்ற கணக்கு, பயறும் நீரும் பேதமில்லாமல் விற்கப்பட்ட சந்தையின் விளைவு. தொண்டையைக் கரகரக்கச் செய்யாத நிகோட்டின் உப்பு என்ற வகைத் திரவம், பழைய புகைப்பாளனுக்கு மாற்றத்தை எளிதாக்கியது போலவே, புதிய சிறுவனுக்கு நுழைவாயிலையும் எளிதாக்கிவிட்டது. வளரும் மூளைக்கும் கருவிலிருக்கும் சிசுவுக்கும் நிகோட்டின் கேடு செய்யும் என்பதில் ஐயமில்லை. ஆகவே இந்தப் பொருள் நல்லதா கெட்டதா என்று பொருளை மட்டும் நோக்கிக் கேட்பது குறையுள்ள கேள்வி. இதை ஏந்தும் கை இதற்கு முன் எதை ஏந்தியிருந்தது என்பதையும் சேர்த்துக் கேட்டாலன்றி விடை கிடைக்காது.

கருவியின் குணதோஷங்களையும் இந்தக் கண்கொண்டே எடைபோட வேண்டும். முதலாவதாக, அது சிகரெட்டை முற்றிலும் விடச் செய்யுமளவுக்கு மனிதனின் வேட்கையைத் தணிக்க வேண்டும். சிகரெட்டையும் கருவியையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறான். நாளொன்றுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவனுக்கும், இருபது பிடிப்பவனுக்கு நேரக்கூடிய மிகையான இருதயநோய் அபாயத்தில் ஏறக்குறைய பாதி உண்டு என்று 2018ஆம் ஆண்டில் வெளியான விரிவான ஆய்வு காட்டியிருக்கிறது. பத்தொன்பதை விட்டவன் இருபதில் பத்தொன்பது பங்கு பிழைத்துவிட்டான் என்ற கணக்கு இங்கே செல்லாது. ஆபத்தர்மம் பாதி அனுஷ்டானத்தால் பலிப்பதில்லை.

இரண்டாவதாக, உள்ளே ஊற்றப்படுவது என்னவென்பது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்திருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவில் திடீரெனப் பரவிய நுரையீரல் நோயால், 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள். 68 பேர் இறந்தார்கள். கஞ்சாச் சத்து சேர்ந்த கள்ளச்சந்தைத் திரவங்களில் கலக்கப்பட்ட வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப்பொருளே முக்கிய காரணமென்று கண்டறியப்பட்டது. மூடிய கூட்டைப் போலன்றி, நிரப்பிக்கொள்ளும் கருவி எதை ஊற்றினாலும் ஏற்றுக்கொள்ளும். அதனால் அதன் நன்மை முழுவதும் ஊற்றுபவனின் விவேகத்தையும், விற்பவனின் நேர்மையையும், அரசின் கண்காணிப்பையும் சார்ந்தே நிற்கிறது. இங்கிலாந்தின் சட்டம் திரவத்தின் நிகோட்டின் அளவு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டலாகாது, குப்பி 10 மில்லிலிட்டருக்கு மேற்படலாகாது, குழந்தை திறக்கவொண்ணாத மூடி இருத்தல் வேண்டும் என்றெல்லாம் விதிப்பது இந்தக் காரணம் பற்றியே. நிகோட்டின் திரவத்தை அறியாமல் விழுங்கும் குழந்தைக்கு அது நஞ்சு. திரி உலர்ந்தபின்னும் காயிலைச் சூடேற்றி இழுப்பவனுக்கு, விலக்கக் கருதிய ஃபார்மால்டிஹைடு போன்ற தீய பொருள்கள் திரும்பவும் வந்து சேர்கின்றன.

மூன்றாவதும் என் மனத்துக்கு மிக முக்கியமானதுமான குணம், இறங்கிவரும் படிகள் அதில் இருக்கின்றனவா என்பது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையில், உற்பத்தி செய்தவன் வைத்த அளவே அளவு. நிரப்பிக்கொள்ளும் வகையிலோ, 20 மில்லிகிராமில் தொடங்கியவன் பத்துக்கும் ஆறுக்கும் மூன்றுக்கும் இறங்கி, கடைசியில் நிகோட்டினே இல்லாத திரவத்தை நிரப்பிக்கொள்ள முடியும். அளவு குறைந்தவுடன் உடல் அதை ஈடுசெய்யக் கருதி அடிக்கடியும் நீளமாகவும் இழுக்கத் தூண்டும் என்பதால், அவசரமில்லாமல் மாதக்கணக்கில் இறங்க வேண்டியிருக்கும். எனினும் தளையின் சாவி, தளைப்பட்டவன் கையிலேயே இருக்கிறது என்பது சிறிய விஷயமன்று. எறிந்துவிடும் கருவிகள் வாரத்துக்கு ஏறத்தாழ ஐம்பது லட்சம் குப்பையில் சேர்ந்ததாக 2023இல் மதிப்பிடப்பட்ட பிரிட்டனில், அவற்றின் விற்பனை 2025 ஜூன் முதல் நாளிலிருந்து தடைசெய்யப்பட்டது. மண்ணுக்கும் நீருக்கும் பாட்டரியின் லித்தியத்தைச் சுமத்தும் பழக்கம், தன் உயிரைக் காத்துக்கொள்ள மற்ற உயிர்களுக்குத் துன்பம் இழைப்பதாகும். அந்த வகையிலும் மீண்டும் நிரப்பும் கருவியே பாவம் குறைந்தது.

இனி, ஓராண்டு கழிந்தும் கருவியை விடாத அந்த 80 சதவிகிதத்தினரை நாம் எப்படிக் காண்பது? உஷஸ்தியின் கதை அதே நாளில் முடியவில்லை. மிஞ்சிய பயற்றை அவர் தம் மனைவிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். முன்னமே நல்ல பிச்சை பெற்றிருந்த அவள், அதை உண்ணாமல் எடுத்து வைத்தாள். மறுநாள் காலையில், சிறிது உணவு கிடைத்தால் அரசன் செய்யும் யாகத்துக்குச் சென்று பொருள் ஈட்டலாமே என்று அவர் ஏங்கியபோது, அவள் எடுத்துத் தந்த அந்தப் பழம்பயற்றையே உண்டு புறப்பட்டார். ஆபத்து நீங்காதவரை அனுமதியும் நீங்குவதில்லை என்பதை இரண்டாம் நாளின் உணவு காட்டுகிறது. ஆனால் அந்த உணவுக்கு ஒரு திசை இருந்தது. யாகசாலையை அடைவதற்காக அவர் உண்டார், யானைக்காரர் ஊரில் எச்சில் யாசித்தே காலங்கழிப்பதற்காக உண்ணவில்லை. சிகரெட்டுக்குத் திரும்பிவிடும் அபாயம் உள்ளவரை கருவியை வைத்திருப்பவன் குற்றவாளியல்லன். இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் இறங்கும் படியில் ஓர் அடியேனும் வைக்காதவனோ, உயிரைக் காத்துக்கொண்டு சுதந்திரத்தை மறந்தவன். உயிர் முதலில் காக்கப்பட வேண்டும். செத்தவனுக்கு விடுதலையைப் போதிக்க முடியாது. ஆனால் உயிர் காக்கப்பட்டது எதற்காக என்ற கேள்வி அதன்பின் அவனை விட்டு அகலலாகாது.

இந்த விஷயத்தில் ராஜ்யத்தின் கடமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. புகைத்தறியாத இளைஞரைக் காப்பாற்ற வேண்டுமென்ற பாரத அரசின் கவலை மெய்யான கவலை. சட்டம் உள்ளவரை அதற்குக் கீழ்ப்படிவதும், கள்ளச்சந்தையில் என்னவென்றறியாத திரவத்தை வாங்காதிருப்பதும் இங்குள்ளவர்களின் கடமை. மருந்துக்கடையில் நிகோட்டின் பசை கிடைக்கிறது. புகையை விடச் செய்யும் சிகிச்சையும் ஆலோசனையும் இங்கே உண்டு. அவையே இங்குள்ளவனுக்குப் பயறு. ஆயினும் ஆண்டுக்குப் பதின்மூன்று லட்சம் பேரளவில் புகையிலையால் மாளும் ஒரு தேசத்தில், பீடியும் சிகரெட்டும் தெருமுனைதோறும் தடையின்றி விற்கப்படுகையில், அவற்றினும் தீங்கு குறைந்ததை மட்டும் அடியோடு விலக்கி வைப்பது எனக்கு வருத்தம் தருகிறது. நீரை மறுத்த கையினாலேயே பயற்றையும் தட்டிவிட்டு, நஞ்சை மட்டும் கடையில் விட்டு வைத்திருக்கிறோம். இங்கிலாந்து பயற்றை வாரி வழங்கியது. வழங்கும் அவசரத்தில் நீரை மறுக்கச் சிலகாலம் மறந்தது. இரண்டு தேசங்களும் ஒன்றிடமிருந்து மற்றொன்று கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு.

தூய்மையை விரும்புகிறவர்கள், பிறருடைய இடர்ப்பாட்டில் அந்தத் தூய்மையை விதியாக்கும்போது, அது பல நேரங்களில் கொடுமையாக மாறிவிடுகிறது. புகைப்பவனை நோக்கி, முழுதும் விடு, இன்றேல் உனக்கு எங்கள் சபையில் இடமில்லை என்று சொல்லும் கண்டிப்பு, அவனை விடச் செய்வதைக் காட்டிலும் மறைந்து புகைக்கச் செய்வதிலேயே பெரிதும் வெற்றி பெற்றிருக்கிறது. நாணத்தால் கட்டு அவிழ்வதில்லை. கருணையும் தெளிவும் சேர்ந்தால் அவிழ்வதற்கு இடம் உண்டு: உன் உயிர் எனக்கு அருமையானது, ஆகையால் இந்தச் சிறிய தீமையை ஏற்றுக்கொள் என்பது கருணை, இது தீமைதான், ஆகையால் இதையும் ஒரு நாள் வைத்துவிடு என்பது தெளிவு. முதலாவதை மட்டும் சொல்பவன் வியாபாரியாகிறான். இரண்டாவதை மட்டும் சொல்பவன் வெறும் நியாயாதிபதியாகிறான். இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே அன்போடு சொல்லத் தெரிந்தவனே நண்பன்.

ஆகவே, இந்தக் கருவியைக் கையிலெடுக்க எண்ணும், சட்டம் அனுமதிக்கும் தேசத்திலுள்ள வயதுவந்த புகைப்பாளன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மூன்று. எனக்கு உண்மையிலேயே ஆபத்து இருக்கிறதா? இதை எடுத்த நாள் முதல் நெருப்பை முற்றிலும் விட்டேனா? போன பருவத்தில் நிரப்பிய அளவிலிருந்து இந்தப் பருவத்தில் ஒரு படியேனும் இறங்கினேனா? மூன்றுக்கும் ஆம் என்று நேர்மையாக விடை சொல்ல முடிந்தவன் தலைகுனிய வேண்டியதில்லை. முதற்கேள்விக்கே இல்லையென்று விடை சொல்ல வேண்டியவன், எத்தனை அழகிய கருவியானாலும், எத்தனை மென்மையான சுவையானாலும், அதைத் தொடாதிருப்பதே அறம்.